இந்த வண்டி கிரிப் அந்த வண்டிக்குச் சேருமா?

கிருஷ்ணன்கோவிலில் மதுரை ரோட்டோரம் இருக்கும் எந்த மெக்கானிக் கடையில் வேண்டுமானாலும் சாயங்காலம் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். இந்தக் கேள்வி கண்டிப்பாகக் காதில் விழும்.

"அண்ணே, இந்த வண்டி கிரிப் அந்த வண்டிக்குச் சேருமா?"

கேட்பவர் வத்திராயிருப்பு பக்கத்து விவசாயியாக இருக்கலாம். மூன்றாவது கை பைக் வாங்கிய காலேஜ் பையனாகவும் இருக்கலாம். பதில் மட்டும் மாறாது. "வாங்கிட்டு வாங்க தம்பி, போட்டுப் பாப்போம்."

சேர்ந்தால் சரி. சேராவிட்டால்? கவரைப் பிரித்த சாமானைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார். போட்டுப் பார்த்த செலவு யார் தலையில்? வண்டிக்காரர் தலையில்தான்!

இது நம்மூர் பிரச்சனை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். கனடாவிலும் அமெரிக்காவின் வட பகுதியிலும் பனியில் ஓட்டும் ஸ்னோமொபைல் வைத்திருப்பவர்களும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அங்கே கிரிப் என்பது வெறும் ரப்பர் இல்லை. கை விறைத்துப் போகாமல் இருக்க உள்ளே சூடாக்கும் கம்பி இருக்கும். கிரிப் கிழிந்தால் பழைய வண்டி ஒன்றிலிருந்து கழற்றி மாட்டிக்கொள்ளலாமா என்று யோசிப்பார்கள்.

அங்கேதான் சிக்கல். ஹேண்டில்பார் கனம் ஒன்றாக இருந்தால் கிரிப் உள்ளே போய்விடும். மின்சாரம் ஒத்துப்போக வேண்டுமே? பிளஸ் டூ இயற்பியல் கொஞ்சம் ஞாபகம் இருந்தால் போதும். 12 வோல்ட்டில் 6 ஓம் கம்பி 24 வாட் எடுக்கும், 2 ஆம்பியர் ஓடும். அதே இடத்தில் 3 ஓம் கம்பி உள்ள கிரிப்பை மாட்டினால் 48 வாட், 4 ஆம்பியர். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி கறுப்பு ரப்பர்தான். உள்ளே சூடு இரண்டு மடங்கு! பியூஸ் சரியாக இருந்தால் பியூஸ் போகும். பியூஸுக்குப் பதில் யாராவது கம்பியைச் சுற்றி வைத்திருந்தால் ஒயர் உருகும்.

நம்மூருக்கு வருவோம். இங்கே சூடு கிரிப் தேவையில்லை, வெயிலே போதும். ஆனால் சாதாரண ரப்பர் கிரிப்பிலும் விஷயம் இருக்கிறது. பெரும்பாலான பைக்குகளில் ஹேண்டில்பார், கிரிப் மாட்டும் இடத்தில் 22 மில்லிமீட்டர். இடது கிரிப் நேராக அதன் மேல் ஏறும். வலது கிரிப் ஆக்சிலேட்டர் குழாய் மேல் ஏற வேண்டும், அதனால் அதன் துவாரம் பெரியது. வலது பக்கத்துக்கு உள்ளதை இடது பக்கம் மாட்டினால் வழுக்கும். கொஞ்சம் நீளமான கிரிப்பை வலது பக்கம் மாட்டினால் ஓரத்தில் உரசி, முறுக்கிய ஆக்சிலேட்டர் திரும்பி வராமல் நிற்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்ட் கூட்டத்தில் ஆக்சிலேட்டர் திரும்பி வராமல் நின்றால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

ஆக, "எல்லாம் சேரும்" என்பதும் தப்பு, "எதுவுமே சேராது, கம்பெனி சாமான்தான் போடணும்" என்பதும் தப்பு. எது சேரும், எது சேராது என்பது ஒருவருக்கு மட்டும் நிச்சயமாகத் தெரியும். அது வண்டி செய்த கம்பெனி.

செலவைக் குறைக்க கம்பெனிகளே ஒரே சாமானைப் பல மாடலில் போடுகின்றன. ஓசூரில் டிவிஎஸ் தொழிற்சாலையில் தயாரான பிஎம்டபிள்யூ ஜி 310 ஆர், 2017 டிசம்பரில் வந்த அப்பாச்சி ஆர்ஆர் 310 இரண்டுக்கும் அடிப்படை எஞ்சின் ஒன்றே. தயாரிக்கும்போது பொதுவாக இருக்கும் சாமான், ரிப்பேருக்கு வரும்போது மட்டும் ஏன் ரகசியமாக வேண்டும்?

வாங்குபவருக்குத் தெரியாததை வைத்து விற்பவர் லாபம் பார்ப்பது வணிகவியல் படிக்கும் யாருக்கும் புதிதில்லை. வண்டி வாங்கும்போது பத்து கம்பெனி போட்டி போடும். வாங்கிய பிறகு சாமானுக்கு ஒரே கடைதான். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டதே, எதற்கு? உதிரி பாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்காமல் பூட்டி வைத்ததற்கு. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனது வேறு கதை. ஆனால் பிரச்சனை உண்மை என்று அரசு அமைப்பே சொல்லியாயிற்று.

2022ல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, ரிப்பேர் செய்யும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் இணையதளமும் வந்தது. நல்ல ஆரம்பம். ஆனால் எந்த மாடலுக்கு எது சேரும் என்ற பட்டியல் நம்மூர் மெக்கானிக் கைக்குத் தமிழில் வரும்வரை அது பாதி வேலைதான்.

"பாதுகாப்பு என்ன ஆவது?" என்று கம்பெனிக்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பிரேக், ஏபிஎஸ், ஒயரிங் இதிலெல்லாம் விளையாடக் கூடாது. 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்த பிறகு எஞ்சின் கம்ப்யூட்டரோடு சேர்ந்த சாமான்களை மாற்றிப் போடுவது இன்னும் கஷ்டம். சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019ல் திருத்தம் வந்து, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று ஆனது. ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் கிரிப் பற்றி ஒரு வரியும் கிடையாது. பிரேக்கைக் காட்டி ரப்பருக்கும் பூட்டுப் போடுவது என்ன நியாயம்?

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சாமான் கவர் மேல் மூன்று விவரம் அச்சடிக்க வேண்டும். எந்தெந்த மாடலுக்குச் சேரும், அளவு என்ன, மின்சாரச் சாமான் என்றால் எத்தனை வோல்ட், எத்தனை வாட். அச்சடிக்க எவ்வளவு செலவு ஆகிவிடும்? 2025 செப்டம்பரில் பைக் உதிரி பாகங்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. தப்பான சாமானை ஒரு தடவை வாங்கினாலே அந்த மிச்சம் எல்லாம் போச்சு!

அதுவரை வண்டிக்காரர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பழைய சாமானைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டு போங்கள். பக்கத்தில் வைத்து நீளம், துவாரம் இரண்டும் அளந்து வாங்குங்கள். மாட்டிய பிறகு ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டுப் பாருங்கள். தானாகத் திரும்பி வந்தால் மட்டும் ரோட்டில் இறங்குங்கள்.

"போட்டுப் பாப்போம்" என்பது நம் மெக்கானிக் அண்ணன்களின் திறமைக்குச் சாட்சி. ஆனால் தொழில் தெரிந்த மனிதரை இருட்டில் தடவ வைத்துவிட்டு, விடை தெரிந்தவர்கள் வாய் மூடி இருக்கிறார்களே, அதை எத்தனை நாள் பொறுத்துக்கொள்வது? யோசித்துப் பாருங்கள்.