மூன்றாவது முனையில் ஓர் அணை

கேரளத்தில் இருக்கும் முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீரைத் தேக்கடித் தலைமதகில் பூத்தூவித் தமிழ்நாட்டுக்குத் திறந்துவிட்டார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக வயலுக்கு முதல்போகத் தண்ணீர். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் மைத்துனரிடமிருந்து ஒரு வாட்ஸ்அப்: ‘மலையாளி கடையில் டீ குடிக்காதே, பகிரவும்.’ அனுப்பியவர் குமுளியில் ஏலக்காய் வாங்கிப் போடியில் விற்கிறவர்! போனில் பிடித்தேன். “யாவாரம் வேற, அணை வேற மாமா” என்றார்.

இந்தப் பத்தி எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் கடைசியில் ஃபிரிட்ஸ் ஹெய்டர் வாசலில்தான் போய் நிற்கும் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். வியன்னாவில் பிறந்த உளவியலாளர். 1946இல் ஒரு கட்டுரையில் சொன்னதை 1958இல் புத்தகமாக விரித்தார். நான், நீ, நமக்கு நடுவே ஒரு பொருள்: ஒரு முக்கோணம். எனக்கு உன்னையும் பிடிக்கும், அதையும் பிடிக்கும். உனக்கோ அது ஆகாது. மனசு நமநமவென்று இருக்கும். உன்னை வெறுக்க வேண்டும், அல்லது அதை வெறுக்க வேண்டும், அல்லது உன் மனதை மாற்ற வேண்டும். பிடித்தால் கூட்டல், பிடிக்காவிட்டால் கழித்தல்; மூன்று குறிகளையும் பெருக்கினால் கூட்டல் வந்தாக வேண்டும்.

இந்தக் கணக்குக்குப் பென்னிகுயிக்கைவிட நல்ல சாட்சி உண்டா? வெள்ளைக்கார ராணுவப் பொறியாளர். 1895இல் திறந்த அணை நமக்கு உயிர்; ஆகவே கட்டியவரும் நம்மாள். அவர் பிறந்த ஜனவரி 15 பொங்கலோடு வருகிறது, பானை வைக்கிறோம். லோயர்கேம்ப்பில் 2013 முதல் மணிமண்டபம். சொந்தச் சொத்தை விற்று அணையை முடித்தார் என்ற கதைக்கு ஆதாரம் கேட்டால் அடிக்க வருவார்கள். பிடித்துப்போனவர் மேல் நல்லதெல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அணை கட்டும்போது காட்டுக் காய்ச்சலில் செத்த கூலிகளுக்குத்தான் முக்கோணத்தில் முனையில்லை.

ஆனால் அணைக்காக இரண்டு மாநிலமும் முட்டிக்கொண்ட 2011 டிசம்பரை என்ன செய்வது? கம்பமும் கூடலூரும் ஆயிரக்கணக்கில் குமுளியை நோக்கி நடந்தன. பாதை அடைபட்டது. இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஜீப் ஏறுகிறவர்கள் வீட்டில் முடங்கினார்கள். தோட்டக்காரருக்கு அணை உடையுமோ என்று பயம். கூலிக்குப் போகிறவருக்கு அது குறையாமல் நிறைய வேண்டும். ஹெய்டர் கணக்குப்படி ஒன்று முதலாளி கசக்க வேண்டும், இல்லை அணை கசக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. பாதை திறந்ததும் விடியற்காலை ஜீப்புகள் பழையபடி கம்பம்மெட்டு ஏறின.

ஹெய்டர் இதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்: ஒரே ஆளைக் கூறு போட்டு, இதில் நல்லவர், அதில் சரியில்லை என்று தனித்தனியே வைத்துக்கொள்வது. என் மைத்துனர் புத்தகம் படிக்காமலே அதைப் பிடித்துவிட்டார். பிறகு எதற்கு அந்த வாட்ஸ்அப் என்பதுதான் என் கோபம்.

தேவாரத்திலிருந்து மலைக்குப் போகும் அக்கா ஒருவரிடம், முதலாளியோடு அணையைப் பற்றிப் பேசுவதுண்டா என்று கேட்டேன்.

“எதுக்குப் பேசணும்? அவரு தங்கச்சிய வண்டிப்பெரியாறுல கட்டிக் குடுத்திருக்கு. உடைஞ்சா தண்ணி மொதல்ல அங்கதான போகும்? பயம் இருக்காதா?”

“அப்ப அணையில தண்ணி தேக்கிக்கலாம்னு கோர்ட்டு 2014ல குடுத்த 142 அடி?”

“அது நமக்கு வேணும்ல” என்றார், நான் ஏதோ கேட்கக்கூடாததைக் கேட்டதுபோல.