கோடு கிழித்தோரும் கோட்டுக்குள் வாழ்ந்தோரும்

ஓர் அரசு தன் குடிகளைப் பற்றி அறிந்திருக்க வேண்டிய செய்திகளுள் முதன்மையானது, அவர்கள் எங்கே வாழ்கின்றனர் என்பதாகும். ஒல்லாந்தர் தோம்பு எழுதியதும், ஆங்கிலேயர் 1800ஆம் ஆண்டில் நில அளவைத் திணைக்களத்தை நிறுவியதும் இதனை உணர்ந்தமையாலேயே. ஆயின் அவ்விரு ஆட்சியினரும் நிலத்தை அளந்தது வரி பெறுதற்கும் காணி பிரித்தற்குமேயன்றி, அந்நிலத்தில் வாழ்வோரின் நலங்கருதியன்று. அந்நியர் சென்றனர், அவர்தம் நோக்கு மட்டும் அலுவலகங்களிலே தங்கிவிட்டது. இடம் பற்றிய அறிவை ஆளுதற்குரிய கருவியாகக் கொள்ளும் அந்நோக்கு நீங்கி, காத்தற்குரிய கருவியாகக் கொள்ளும் நோக்குத் தோன்றாதவரை, எத்தனை செய்மதிகள் வானிற் சுழன்று படம் பிடித்தாலும் மக்களுக்குப் பயனில்லை. அம்பாறைக் கரையோரத்தின் அண்மைக்கால வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கும் இக்கரையிலே, கிழக்கே கடல். மேற்கே வயல் வட்டைகள். இடைப்பட்ட ஒடுங்கிய மணல் நிலத்திலேயே குடியிருப்புகள் அனைத்தும் நெருங்கியுள்ளன. பெண்ணுக்கு வீடு கொடுத்து மணமுடித்தல் இப்பகுதியின் வழக்கம். அதனால் ஒரு தாயின் வளவு மகளிர்க்கெனப் பிரிந்து, அம்மகளிரின் மகளிர்க்கென மீண்டும் பிரிகின்றது. வயலை மேடாக்கிக் குடியேற எண்ணின், அனுமதியின்றி அது செய்யலாகாது என்கின்றது 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம். கடலை மேடாக்குதற்கோ எச்சட்டத்தாலும் இயலாது. இந்நெருக்கத்தின் காரணத்தை அறிய ஆராய்ச்சி எதுவும் வேண்டியதில்லை. ஒரு தெருவின் இருமருங்கும் நடந்து செல்லும் எவருக்கும் அது விளங்கும்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் காலை, சுமாத்திராவுக்கு அண்மையிற் கடலடி நிலம் அதிர்ந்து ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் கழிந்த பின்னரே அலை இக்கரையை அடைந்தது. அவ்விரண்டு மணித்தியாலத்தில் எச்சரிக்கைச் சொல் ஒன்றேனும் வந்து சேரவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் மாண்டனர். இலங்கையில் வேறெந்த மாவட்டமும் இத்துணை உயிர்களை இழக்கவில்லை.

இப்பேரழிவின் பின் அரசு எடுத்த முதற் பெருமுடிவு ஒரு கோடு கிழித்தலாகும். தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். அவ்வெல்லைக்குள் மீண்டும் வீடு கட்டலாகாது என அறிவிக்கப்பட்டது. உயிரைக் காக்கும் எண்ணத்திற் பிறந்த விதி எனினும், அது எதனை அளந்தது என்பதே வினா. நீர் தூரத்தைப் பார்த்து ஏறுவதில்லை; தாழ்வைப் பார்த்தே ஏறுகின்றது. மணல்மேடு இருந்த இடத்தில் அதன் வேகம் தடைப்படும்; முகத்துவாரமும் களப்பும் உள்ள இடத்தில் நெடுந்தூரம் உட்புகும். நிலத்தின் உயரம் ஒரு திணைக்களத்திலும், வடிகால் ஒரு திணைக்களத்திலும், குடிசனத் தொகை மற்றொரு திணைக்களத்திலும் இருந்தன. போர்ச் சூழலாற் புள்ளிவிபரம் கிடைக்கவில்லை என்று கூறுதற்கும் இடமில்லை. வடக்கு கிழக்கின் ஏனைய மாவட்டங்களில் முழுமை பெறாத 2001ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு, அம்பாறையில் முழுமையாகவே நடந்தேறியது. இத்தனையையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து நோக்கியிருப்பின், இருநூறு மீற்றருக்கு அப்பாலும் ஆபத்தான தாழ்நிலம் உண்டு என்பதும், இருநூறு மீற்றருக்குள்ளே வாழ்வோர் பெயர்ந்து செல்ல வெற்றுநிலம் இல்லை என்பதும் ஒருங்கே புலப்பட்டிருக்கும்.

ஐம்பதினாயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் அச்சிடப்பட்ட தேசப்படத்தில் 200 மீற்றர் என்பது நான்கு மில்லிமீற்றர். மேசையிலிருந்து பார்ப்போர்க்கு அது விரல் நுனியால் மறைக்கத்தக்க ஒரு கீற்று. கல்முனையிலே அக்கீற்றுக்குள் மீனவரின் வாடியும் தோணியும், தலைமுறை தலைமுறையாக வந்த வளவுகளும் அடங்கின. கோடு பின்னர்த் தளர்த்தப்பட்டது. அது தளரும்வரை தற்காலிகக் கொட்டில்களிற் காத்திருந்தோரின் காலத்தை எவரும் மீட்டுக் கொடுக்கவில்லை. மருதமுனையில் ‘65 மீற்றர்’ என்பது ஒரு வீட்டுத்திட்டத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது. ஓர் அளவு குடியிருப்பின் பெயராகிவிடுமாயின், அங்கு வாழ்வோரைவிட அளவே பெரிதாக எண்ணப்பட்டது என்பதற்கு வேறு சான்று எதற்கு?

மேலும், கடற்கரை ஓரிடத்தில் நில்லாதது. ஒலுவிலில் 2013ஆம் ஆண்டு துறைமுகம் திறக்கப்பட்டது. கரையோரமாக நகரும் மணலின் போக்கு அதனால் தடைப்பட்டு, வடபுறக் கரையை அலை அரித்தது. துறைமுக வாயிலை மணல் மூடியது. தென்னைகள் கடலுள் வீழ்ந்தன. தோணி இழுத்த நிலம் இல்லாது போயிற்று. ஓராண்டில் அளந்த எல்லையைப் பல்லாண்டு கழித்தும் அவ்வாறே ஏட்டில் வைத்திருக்கும் அலுவலகம், இல்லாத நிலத்தையே ஆள்கின்றது. திகதியிடப்படாத தேசப்படம், திகதியிடப்படாத உறுதியைப் போன்றதே.

இடத்தை மட்டுமன்றி, அவ்விடத்துக்கு உரியவரையும் பிழையாகப் பதிந்த வரலாறும் உண்டு. சுனாமிக்குப் பின் வீடு வழங்குதற்கென ஆக்கப்பட்ட பட்டியல்களிற் ‘குடும்பத் தலைவர்’ என்ற நிரலின் கீழ்ப் பெரும்பாலும் ஆண்களின் பெயர்களே எழுதப்பட்டன. பெண்ணின் பெயரில் வீடு இருத்தலே மரபாகிய ஒரு கரையில், சீதனமாய் வந்த வளவை அலையிடம் இழந்தவள் மனைவி. புதிய வீட்டின் உரிமையைப் பெற்றவன் கணவன். ஒரு படிவத்தின் ஒரேயொரு நிரல், ஒரு சமூகத்தின் சொத்துரிமை மரபை ஓசையின்றித் தலைகீழாக்க வல்லது.

இவையெல்லாம் பழங்கதை எனத் தள்ளுவோர் 2024 நவம்பர் 26ஆம் நாளை நினைத்தல் வேண்டும். சுனாமியின் இருபதாம் ஆண்டு நிறைவுக்குச் சரியாக ஒரு மாதமே எஞ்சியிருந்தது. நிந்தவூரிலிருந்து அரபுக் கல்லூரி மாணவரை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம், மாவடிப்பள்ளியில் வெள்ளத்தாற் புரட்டப்பட்டது. வீடு நோக்கிச் சென்ற சிறுவர் பலர் மாண்டனர். காரைதீவிலிருந்து அம்பாறை செல்லும் அவ்வீதி மாரியில் நீர் மேவும் வீதி என்பதை அவ்வழியே வயலுக்குச் செல்லும் ஒவ்வொருவரும் அறிவர். அவ்வறிவு வீதியை உரிய வேளையில் மூடும் ஆணையாக மாறவில்லை. வீடு கட்டாதே என்று கோடு கிழிக்க அன்று விரைந்த கை, இவ்விடத்தில் இவ்வளவு நீர் ஏறினாற் போக்குவரத்தை நிறுத்துக என்று ஒரு கோடு கிழிக்க இருபதாண்டாகியும் எழவில்லை.

இடம்பற்றிய தகவல்களை விரிவாகத் திரட்டினால் அவை தீயோர் கைக்குப் போகும் என்று அஞ்சுவோர் உளர். இவ்வச்சம் இந்நாட்டில் வெறுங்கற்பனையன்று. 1983 யூலையில் கொழும்பிற் கலகக்காரர் வாக்காளர் பட்டியல்களைக் கையிலேந்தி வீடு வீடாகத் தேடிச் சென்றமை வரலாற்றிற் பதிவாகியுள்ளது. ஆதலால் எந்த வீட்டில் எவ்வினத்தவர் வாழ்கின்றனர் என்பதன்று அரசு திரட்ட வேண்டியது; எந்த வீட்டு முற்றம் எத்துணைத் தாழ்ந்தது, எந்த ஒழுங்கையில் நோயாளர் வண்டி நுழையும், எந்தக் கிணற்றில் உப்பு ஏறியுள்ளது என்பனவே. வெள்ளத்தைத் தடுக்க இனப்பெயர் வேண்டியதில்லை. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாத்தற்கு 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் உண்டு. ஆளைப் பற்றிய தகவல் மறைவாகவும், நிலத்தைப் பற்றிய தகவல் வெளிப்படையாகவும் இருத்தலே முறை. இன்றைய அலுவலக வழக்கமோ இதற்கு நேர்மாறானது: விண்ணப்பதாரியின் பெயரும் முகவரியும் பலர் பார்க்கச் சுவரில் ஒட்டப்படும், தேசப்படம் அலுமாரியிற் பூட்டப்படும்.

செலவு மிகும் என்போர்க்கு மட்டக்களப்பே விடை கூறும். அங்கு மண்முனை வடக்கிலே, உலக வங்கியின் துணையுடன் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் பிறரும் கூடி, 2012ஆம் 2013ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 30,000 கட்டடங்களை யாவரும் பார்க்கத்தக்க பொதுத் தேசப்படத்திற் பதிந்தனர். கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே கடலுமில்லை, மலையுமில்லை. ஒலுவிலிலே பல்கலைக்கழகம் இருக்கின்றது. அதிற் புவியியல் கற்கும் மாணவர் இருக்கின்றனர். கிராம உத்தியோகத்தரும் வட்டவிதானைமாரும் கரைவலை இழுப்போரும் ஒவ்வோர் அடி நிலத்தையும் அறிவர். இல்லாதது அறிவன்று, அவ்வறிவை ஒரே தாளிற் சேர்க்கும் ஆணையே.

சேர்த்தது மக்களிடம் திரும்பி வருதலும் வேண்டும். சப்பானில் இவாத்தே மாநிலத்து அனெயோசி என்னும் சிற்றூரிலே, 1933ஆம் ஆண்டுச் சுனாமியின் பின்னர், இதற்குக் கீழே வீடு கட்டற்க என்னும் கருத்துப் பொறித்த கல்லொன்று நடப்பட்டது. 2011ஆம் ஆண்டின் பேரலை அக்கல்லுக்குக் கீழேயே நின்றது. மேலே வாழ்ந்தோரின் வீடுகள் தப்பின. அக்கல்லும் இடம்பற்றிய தகவலே. ஆனால் அது தலைநகரத்துக் கணினியில் இல்லாமல், உரிய இடத்தில், உரிய மொழியில், சிறுவரும் வாசிக்கத்தக்கதாய் நின்றது.

அம்பாறைக் கரையோரம் கேட்க வேண்டியதும் இதுவே. ஒவ்வொரு தேசப்படத்திலும் அளந்த திகதி பொறிக்கப்படல் வேண்டும். அது தமிழில் ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் பள்ளிவாசலிலும் கோயிலிலும் பாடசாலையிலும் தொங்கவிடப்படல் வேண்டும். கோடு கிழிக்கும் முன்னர் ஊரவரோடு நடந்து அளந்து பார்த்தல் கட்டாயமாதல் வேண்டும். நீர் மேவும் ஒவ்வொரு வீதியிலும் உயரங்காட்டும் கம்பம் நடப்பட்டு, எவ்வளவில் வீதியை மூடுவது, மூடும் பொறுப்பு எவருடையது என்பன அக்கம்பத்திலேயே எழுதப்படல் வேண்டும். மறுக்கும் அலுவலகத்திடம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் வினவுதல் வேண்டும்.

கல்முனையிலே பிரதேச செயலக எல்லை பற்றிய பிணக்குப் பல பதிற்றாண்டுகளாகத் தொடர்கின்றது. எந்தத் தெரு எவருக்கு என்று காட்டும் தேசப்படங்களை இருசாராரும் விரல்நுனியில் வைத்துள்ளனர். அத்தெருவில் எத்துணை நீர் நிற்கும் என்று காட்டும் தேசப்படத்தை எச்சாராரும் கேட்டுப் போராடியதில்லை. அரசின் நோக்கு மாறல் வேண்டும் என்போர் முதலில் அக்கோரிக்கையை ஒன்றாக எழுப்புவாராக. மாவடிப்பள்ளி வீதியில் அடுத்த மாரிக்கு முன் கம்பம் ஒன்று நிமிர்ந்து நிற்குமாயின், மாற்றம் தொடங்கிற்று எனக் கொள்ளலாம்.