சர்க்கார் ஆஸ்பத்திரி... தனியார் கட்டணம்! சிதம்பரம் சொல்லும் பாடம்

காட்டுமன்னார்கோவில் பக்கம் வயலில் நாத்து நடுகிற பெண்ணைப் பாம்பு கடித்துவிட்டால் எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது? பெரிய டாக்டர்கள் இருக்கிற ஆஸ்பத்திரி என்றால் ஒரு காலத்தில் பாண்டிச்சேரி ஜிப்மர், இல்லாவிட்டால் தஞ்சாவூர். போய்ச் சேருவதற்குள் உயிர் நிற்குமா? ஆண்டவனுக்கே வெளிச்சம்!

அந்தக் குறையைத் தீர்த்தது சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 1929-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. 1980-ல் பல் மருத்துவக் கல்லூரி, 1985-ல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, கூடவே நர்சிங் படிப்பு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஓர் ஆஸ்பத்திரி என்று ஒரே வளாகத்தில் எழுந்தன. சுற்றுவட்டார ஜனங்களுக்கு அது பெரிய வரம்தான்.

கிண்டி வேறு, சிதம்பரம் வேறு

சென்னைவாசிகள் கிண்டி பஸ்ஸில் போகும்போது டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் போர்டைப் பார்த்திருப்பார்கள். அது பரீட்சை வைத்துப் பட்டம் கொடுக்கிற இடம். நோயாளிக்குப் படுக்கை போடுகிற இடம் அல்ல. சிதம்பரம் அப்படி இல்லை. படிப்பும் அங்கேதான், வைத்தியமும் அங்கேதான். ஆகவே செலவும் அங்கேதான்!

ஆஸ்பத்திரி என்பது ராத்திரி பகல் பார்க்காமல் பணத்தை விழுங்குகிற சமாச்சாரம். டாக்டர், நர்ஸ், மருந்து, ஆக்சிஜன் என்று எதையும் நிறுத்த முடியாது. வருகிறவர்களோ ஏழைகள். அவர்களிடம் கறக்க முடியுமா? அப்போ பில் யார் தலையில் விழும்? படிக்க வந்த பிள்ளைகள் தலையில்!

40 மடங்கு!

பல்கலைக்கழகம் பண நெருக்கடியில் தள்ளாடியது. 2013-ல் தமிழக அரசு தனிச் சட்டம் போட்டு அதைத் தன் கைக்குள் கொண்டுவந்தது. 'இனி சர்க்கார் காலேஜ், சர்க்கார் கட்டணம்' என்றுதான் பெற்றோர் நினைத்தார்கள்.

நடந்தது வேறு. மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளில் எம்.பி.பி.எஸ். கட்டணம் அப்போது ஆண்டுக்குச் சுமார் 13,600 ரூபாயாக இருந்தது. இங்கே 5 லட்சத்து 40 ஆயிரத்தைத் தாண்டியது. கிட்டத்தட்ட 40 மடங்கு! அதே அரசு, அதே படிப்பு, கட்டணம் மட்டும் வேறு. இது என்ன நியாயம்?

2020 டிசம்பரில் மாணவர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். வாரக்கணக்கில் எழுந்திருக்கவில்லை. கடைசியில் 2021 ஜனவரியில் அரசு இறங்கிவந்தது. மருத்துவம், பல் மருத்துவம், நர்சிங் கல்லூரிகள் மூன்றும் சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டன. கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி என்று பெயர் வந்தது. கட்டணமும் அரசுக் கட்டணத்துக்கு இறங்கியது. செய்தது சரி. ஆனால் அதற்கு ஏன் ஏழு வருஷம்?

பிரிப்பது மட்டும் போதுமா?

'பல்கலைக்கழகத்தை விட்டுப் பிரித்தால் ஆராய்ச்சி போய்விடும், வெறும் ஆஸ்பத்திரி ஆகிவிடும்' என்று சொல்கிறவர்களும் உண்டு. அதைத் தள்ளிவிட முடியாது. ரசாயனம் படித்தவரும், மருந்தியல் படித்தவரும், டாக்டரும் ஒரே வளாகத்தில் இருந்தால் நோய்க்குப் புது வழி பிறக்கும். பல்கலைக்கழகத்தில் மருத்துவ மையம் வைப்பதே அதற்குத்தானே!

ஆகவே குற்றம் இடத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது. ஆஸ்பத்திரிச் செலவு கஜானாவிலிருந்து வரணும். மாணவன் அப்பாவின் நிலப் பத்திரத்திலிருந்து வரக் கூடாது. ஐந்தாறு வருஷம் லட்சம் லட்சமாகக் கட்டிப் படித்தவன், கடனை அடைக்கப் பட்டணத்து நர்ஸிங் ஹோமைத்தான் தேடுவான். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வா என்றால் வருவானா?

2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. பாராட்டலாம். இனி எந்தப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மையம் வந்தாலும் அஸ்திவாரக் கல்லுக்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: வருஷா வருஷம் செலவை யார் கட்டுவது?

ரிப்பன் வெட்டுவது ஒரு நாள் வேலை. பாம்பு கடித்த பெண் ராத்திரி 2 மணிக்கு வந்தாலும் டாக்டர் இருக்கணும், மருந்து இருக்கணும். அதற்குப் பணம் ஒதுக்கிவிட்டு அப்புறம் கட்டடம் கட்டட்டும்!