புள்ளலூரில் ஜெயித்தது யார்?

போன வாரம் பழைய சகாக்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. "கன்னடனை ஓட ஓட விரட்டிய புள்ளலூர் வீரம்! தமிழன் என்றால் பகிரவும்." பகிர்ந்தவர்களில் பாதிப் பேர் என்னைப் போலச் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்ற வாத்தியார்கள். அதனால்தான் கோபம் வந்தது.

புள்ளலூர் நம் காஞ்சிபுரத்துக்கு வடக்கே உள்ள கிராமம். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவனும் வாதாபிச் சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியும் மோதிய இடம் என்று படித்திருக்கிறோம். பல்லவன் ஜெயித்தான் என்பதற்கு என்ன ஆதாரம்? காசாக்குடிச் செப்பேடு. புள்ளலூரில் மகேந்திரன் தன் முக்கியப் பகைவர்களை அழித்தான் என்கிறது. அந்தப் பகைவர் யார்? பெயர் இல்லை. எழுதப்பட்டதோ, நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து, நந்திவர்ம பல்லவமல்லன் காலத்தில்!

எதிர்த்தரப்புக்கும் ஒரு சாட்சி உண்டு. ஐஹொளெக் கல்வெட்டு. புலிகேசி உயிரோடு இருக்கும்போதே, 634-ஐ ஒட்டி, ரவிகீர்த்தி எழுதியது. சாளுக்கியப் படை கிளப்பிய தூசியில் பல்லவன் ஒளி மங்கிக் காஞ்சி மதிலுக்குள் மறைந்தான் என்கிறது. அதுவும் அரசனைப் புகழ எழுதியதுதான். ஆனால் அதுகூடக் காஞ்சியைப் பிடித்ததாகச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் தெரிவது இவ்வளவுதான்: பகைவன் தலைநகரின் வாசல் வரை வந்தான், நகரம் விழவில்லை. இதில் "ஓட ஓட விரட்டியது" எங்கே இருக்கிறது?

முப்பது வருஷம் நானும் வகுப்பில் காசாக்குடியை மட்டுமே சொன்னேன். பரீட்சைக்கு அது போதும். பெங்களூரில் படிக்கும் என் பேரன், "தாத்தா, இங்கே புலிகேசிதான் ஜெயிச்சார்னு சொல்றாங்களே?" என்று கேட்டபோதுதான் வெட்கமாக இருந்தது.

வீரம்தான் வேண்டுமென்றால், அடுத்த தலைமுறையில் நிஜமாகவே இருக்கிறது. மகேந்திரன் மகன் நரசிம்மவர்மன் மணிமங்கலத்தில் புலிகேசியைத் தோற்கடித்தான். 642-ஐ ஒட்டி வாதாபியையே பிடித்தான். அவன் கல்வெட்டு இன்றும் பாதாமிப் பாறையில் இருக்கிறது. இவ்வளவு இருக்க, இல்லாததைச் சேர்ப்பானேன்?

இன்னொன்று. எட்டாம் நூற்றாண்டில் சாளுக்கியன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தே விட்டான். ஊரைக் கொளுத்தினானா? இல்லை. கைலாசநாதர் கோயில் செல்வத்தைப் பார்த்துவிட்டு, அதைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான். அதைச் சொல்லும் கன்னடக் கல்வெட்டு அந்தக் கோயிலிலேயே இருக்கிறது. எத்தனை தடவை அதைத் தாண்டிப் போயிருப்போம்!

அடுத்த முறை கைலாசநாதரைப் பார்க்கப் போனால், பேரப்பிள்ளைகளைக் கூட்டிப்போய் அந்தக் கல்வெட்டைக் காட்டுங்கள். தோற்றதையும் சேர்த்துச் சொன்னால்தான் ஜெயித்ததை அவர்கள் நம்புவார்கள். அந்த வாட்ஸ்அப் செய்தியை நான் பகிரப் போவதில்லை.