பெட்டியில் உறங்கும் விளையாட்டு நாணயங்கள்

புதுதில்லி: 2030 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளை நடத்தும் வாய்ப்பு 2025 நவம்பரில் ஆமதாபாதுக்கு வழங்கப்பட்டது. அரங்குகள், சாலைகள், செலவு எனப் பேச்சு தொடங்கியுள்ள வேளையில், சிறியதொரு விஷயத்தையும் மத்திய நிதியமைச்சகம் இப்போதே யோசிப்பது நல்லது. அப்போட்டிக்கு நினைவு நாணயம் வெளியிடப்பட்டால், அது யார் கையில் இருக்கும்?

1982-ல் தில்லியில் ஒன்பதாவது ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றபோது, ஜந்தர் மந்தர் இடம்பெற்ற போட்டிச் சின்னத்துடன் 25 காசு, 2 ரூபாய் நாணயங்கள் புழக்கத்துக்கு வந்தன. நாட்டில் 2 ரூபாய் நாணயமே அறிமுகமான ஆண்டு அது. தொலைக்காட்சிப் பெட்டி இல்லாத வீட்டுக்கும் மளிகைக் கடைச் சில்லறையாகப் போட்டி போய்ச் சேர்ந்தது. அதே சின்னத்துடன் வந்த 10, 100 ரூபாய் நாணயங்கள் சேகரிப்பாளர்களுக்கானவை. 2010 தில்லி காமன்வெல்த் போட்டியிலும் இதே ஏற்பாடுதான்: 2, 5 ரூபாய் மக்களுக்கு, வெள்ளி கலந்த 100 ரூபாய் ஆர்வலர்களுக்கு.

அண்மை ஆண்டுகளிலோ, நினைவு நாணயம் என்றாலே 75, 100, 125, 150 ரூபாய் என்றாகிவிட்டது. 1,000 ரூபாய் வரையிலான நாணயங்களுக்கு 2011-ஆம் ஆண்டு நாணயச் சட்டம் இடமளிக்கிறது. ஆனால், முக மதிப்பைவிடப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கியதைக் கடையில் நீட்டுவார் உண்டா? அழகிய பெட்டியோடு அலமாரிக்குள் போய்விடுகிறது.

சேகரிப்பாளர்களைக் குறை சொல்வதற்கில்லை. 2011 ஜூன் 30-உடன் 25 காசு செல்லாததானபோது ஆசியப் போட்டிச் சின்னத்தைக் காத்து வைத்தவர்கள் அவர்களே. அவர்களுக்கான வெள்ளி நாணயம் தொடரட்டும். அது மட்டுமே வெளியாவதுதான் பிழை.

2012 லண்டன் ஒலிம்பிக்கையொட்டி பிரிட்டன், விளையாட்டுக்கு ஒன்றாக 29 வகை 50 பென்ஸ் நாணயங்களைப் புழக்கத்தில் விட்டது. கால்பந்து நாணயத்தில் ஆஃப்சைடு விதியே படமாக இருந்தது. வடிவமைத்தவர்களும் பொதுமக்களே, அவர்களில் ஒருவர் பள்ளிச் சிறுமி.

வடிவங்கள் பெருகினால் குழப்பம் வரும் என்று அதிகாரிகள் கூறலாம். அது வெறும் சாக்கல்ல. 10 ரூபாய் நாணயத்தைக் கடைக்காரர்கள் வாங்க மறுத்ததால், அதன் 14 வடிவங்களும் செல்லும் என்று 2018-ல் ரிசர்வ் வங்கி அறிவிக்க நேர்ந்தது. ஆகவே 29 வேண்டாம். குத்துச்சண்டைக்கு ஒன்று, பளு தூக்குதலுக்கு ஒன்று என இரண்டு 5 ரூபாய் நாணயங்கள் போதும். அவற்றின் படத்தைப் போட்டிக்குச் சில மாதங்கள் முன்பே எல்லா வங்கிக் கிளைகளிலும் ஒட்டிவிட்டால், கடைக்காரரும் தயங்க மாட்டார்.