ஓருண்மைக்கு ஓரிடம்

நூலகம் ஒன்றின் கடனேட்டை எண்ணிப் பார்க்க. ஓர் உறுப்பினர் பத்து நூல்கள் எடுத்தால், அவர் பெயரும் முகவரியும் பத்து வரிகளில் எழுதப்படுகின்றன. அவர் வீடு மாறியபின் ஒரு வரி மட்டும் திருத்தப்படின், ஏனைய ஒன்பதும் பழைய முகவரியையே காட்டி நிற்கும். எது மெய்? ஏடு அறியாது. அவர் நூல்களைத் திருப்பித் தந்து வரிகள் நீக்கப்படின், அவர் உறுப்பினர் என்னும் செய்தியே அழிந்துபோம். இன்னும் ஒரு நூலும் எடாத புதியவரை எழுதவோ அவ்வேட்டில் இடமே இல்லை.

கணிப்பொறி வந்தால் இக்கேடுகள் தாமே தீரும் என எண்ணுவார் உளர். அது பெரும்பிழை. கோணல் ஏட்டைக் கணிப்பொறியில் ஏற்றினால் கோணலே விரைந்து பெருகும்.

ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஓசே ஆய்வகத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்னும் ஆங்கிலேயர், 1970-இல் ஒரு கட்டுரை வாயிலாக இதற்கு வழிவகுத்தார். அதற்குமுன் தரவுகள் மரக்கிளைகள் போலும் வலைப்பின்னல் போலும் பிணைந்து கிடந்தன. வைக்கப்பட்ட வழியை அறிந்தவரே அவற்றை எடுக்க முடிந்தது. வைப்புமுறை மாறினாலோ அதனை நம்பி எழுதிய நிரல்கள் பழுதாயின. தரவு அனைத்தையும் எளிய அட்டவணைகளாகவே காண்க. உள்ளே அவை எங்ஙனம் வைக்கப்பட்டுள்ளன என்பதைப் பயன்கொள்வார் அறிய வேண்டுவதில்லை என்றார் அவர். இதுவே உறவுநிலைத் தரவுத்தளத்தின் அடிப்படை.

அவர்தம் நிறுவனமே அதனை விரைந்து விற்பனைக்குக் கொணரவில்லை. பின்னாளில் ஆரக்கிள் எனப் பெயர்பெற்ற நிறுவனம் 1979-இல் முந்திக்கொண்டது, ஐ.பி.எம். 1981-இலேயே தன் ஆக்கத்தை விற்கத் தொடங்கியது. அவ்வாண்டே அவர்க்குத் தூரிங் பரிசும் வழங்கப்பெற்றது.

இம்முறையில் நூலக ஏடு மூன்றாகப் பிரியும். உறுப்பினர் அட்டவணையில் எண், பெயர், முகவரி. நூல் அட்டவணையில் ஒவ்வொரு படிக்கும் ஓர் எண், தலைப்பு. கடன் அட்டவணையில் உறுப்பினர் எண், நூல் எண், எடுத்த நாள். முகவரி உறுப்பினரைப் பொறுத்தது, கடனைப் பொறுத்ததன்று. ஆகலின் அஃது ஓரிடத்தில் மட்டுமே இருத்தல் வேண்டும். ஓரெண் இருவர்க்கு வாராமையும், இல்லாத உறுப்பினர் பெயரில் கடன் பதியப்படாமையும் தரவுத்தளத்திலேயே கட்டுப்பாடுகளாக வரையப்பட வேண்டும். பின்னர், எழுதுவோர் அயர்ந்தாலும் தரவுத்தளம் அப்பிழையை ஏற்க மறுக்கும்.

பயில்வோர் பலர் வினவல் கட்டளைகளை முதலில் உருப்போட்டு, வடிவமைப்பை இறுதியில் தொடுகின்றனர். இது கடைக்கால் இடாமல் கூரை வேயும் வேலை. முதலில் தாளும் எழுதுகோலும் எடுக்க. எவை பொருள்கள், எது எதனைப் பொறுத்தது, எவ்வெண் எதனைச் சுட்டும் என வரைந்து தெளிக. கட்டளைகளைக் கற்கச் சில கிழமைகள் போதும். பகுத்துக் காணும் பழக்கமே அரிது.

ஓய்வூதியம் பெறும் முதியவர் ஒருவரை ஓர் அட்டவணை உயிரோடிருப்பவர் என்றும், மற்றோர் அட்டவணை இறந்தவர் என்றும் காட்டுமாயின், பட்டினி கிடப்பது கணிப்பொறி அன்று. தரவுத்தளம் கட்டுவோர் இதனை மறவாதிருப்பாராக!