வாங்குவோர் இலரேல் திருடுவோர் இலர்

மோட்டார் வண்டியின் அடியில் பொன்னினும் விலையுயர்ந்த உலோகம் மறைந்திருக்கின்றது என்றால் நம் ஊரார் பலர் நம்பார். கள்வரோ அதனை நன்கறிவர். வண்டியை விடுத்து, அதன் புகைக்குழாயில் ஒரு பகுதியை மட்டும் கவர்ந்து செல்லும் இப்புதுக் களவைத் தடுக்கும் வழி யாது என்பதுபற்றி நம் கருத்தை ஈண்டுக் கூற விழைகின்றோம்.

அவ்வுறுப்பின் பெயர் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர். தமிழில் வினையூக்கி மாற்றி என்பர். அதனுள்ளே தேனடை போன்ற நுண்ணிய துளைகள் உள. அவற்றின் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்னும் அரிய உலோகங்கள் சில கிராம் அளவே பூசப்பெற்றிருக்கும். என்ஜின் புகை அவ்வழிச் செல்லுங்கால் நச்சு வாயுக்கள் பெரிதும் தீங்கு நீங்கி வெளிப்படும். 2021ஆம் ஆண்டில் ரோடியத்தின் விலை பொன் விலையைப்போல் பத்து மடங்கிற்கு மேல் ஏறிற்று; களவும் உடன் பெருகிற்று. அக்காலத்தே குஜராத்தில் மாருதி ஈக்கோ வண்டிகளின் சைலன்சர்களைக் கழற்றி, உள்ளிருந்த உலோகத்தின் பொருட்டு விற்ற கூட்டத்தார் பிடிபட்டனர். அமெரிக்காவில் 2022 நவம்பரில் ஐந்து மாநிலங்களில் 21 பேர் இக்குற்றத்திற்காகக் கைதாயினர் அல்லது குற்றஞ்சாட்டப்பெற்றனர்.

நிற்க. நம் கரிவலம்வந்தநல்லூர் சங்கரன்கோவிலுக்கும் இராஜபாளையத்திற்கும் இடைப்பட்ட பெருஞ்சாலையில் உள்ளது. பால்வண்ணநாதர் கோயிலின் ஆவணித் தபசு விழாவிற்கு வெளியூர் வண்டிகள் வந்து இராப்பொழுதெல்லாம் தெருவில் நிற்கும். வாடகை வண்டியொன்றையே நம்பி வாழும் குடும்பத்திற்கு அவ்வுறுப்பின் இழப்புப் பல நாள் வருவாயின் இழப்பாகும். ஆதலின் வருமுன் காத்தலே அறிவுடைமை.

வண்டியுடையார் செய்யத்தக்கன சில உள. விளக்கொளி உள்ள இடத்தில், சுவரை ஒட்டி வண்டியை நிறுத்துக. உறுப்பின்மீது வண்டி எண்ணைப் பொறித்து வைக்க. பட்டறையில் அதற்கு இரும்புக் கூடு பொருத்துக. காலையில் என்ஜின் வழக்கத்திற்கு மாறாக உறுமினால் உடனே அடியைப் பார்த்துக் காவல் நிலையத்திற்கு அறிவிக்க. எனினும் இவை யாவும் கள்வனை அடுத்த தெருவிற்கு அனுப்புமேயன்றிக் களவை ஒழிக்கமாட்டா. அவன் கவர்ந்ததைத் தானே உண்ணான், உடுத்தான். அதனை வாங்க ஒரு கடை திறந்திருப்பதனாலேயே அவன் நள்ளிரவில் வண்டியின் அடியில் நுழைகின்றான்.

சட்டமும் இவ்வுண்மையை உணர்ந்துள்ளது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்படி, களவுப் பொருளென்று அறிந்து வாங்குவோனுக்கு மூன்றாண்டு வரை சிறை. அதனையே வழக்கமாகக் கொண்டவனுக்கு ஆயுட்சிறையும் விதிக்கலாம். ஆயினும் அறிந்து வாங்கினான் என்பதற்குச் சான்று வேண்டுமே! கணக்கேடு இல்லாத கடையில் சான்றுக்கு எங்கே போவது?

நம் நாட்டில் 1943ஆம் ஆண்டிலேயே அடகு பிடிப்போர் சட்டம் தோன்றிற்று. ஒரு சவரன் நகையை அடகு வைப்பவருக்குச் சீட்டு உண்டு. கடையில் ஏடு உண்டு. பொன்னினும் உயர்ந்த உலோகம் பழைய இரும்புக் கடைத் தராசில் ஏறும்போது மட்டும் பெயரும் இல்லை, ஊரும் இல்லை என்பது முறையாகுமா? இங்கிலாந்தில் 2013ஆம் ஆண்டுச் சட்டம் பழைய உலோகத்திற்கு ரொக்கம் கொடுப்பதையே விலக்கி, விற்போர் யாரென ஆராயவும் விதித்துள்ளது. நம் நாட்டிலும் இவ்வுறுப்பை வாங்கும் கடைக்காரர் விற்போனின் அடையாளத்தையும் வண்டி எண்ணையும் பதிந்து, வங்கி வழியே பணம் கொடுத்தல் வேண்டும் என்பதே நம் கருத்து.

இஃது ஏழை வணிகரைத் துன்புறுத்தும் என்பர் சிலர். நாம் அங்ஙனம் கருதவில்லை. களவு நிகழ்ந்த ஊரில் முதலில் ஐயத்திற்கு ஆளாவோன் தெருத்தெருவாய்ப் பழைய இரும்பு பொறுக்கும் எளியவனே. அவன் கையில் ஒரு சீட்டு இருப்பின் அதுவே அவனுக்குக் கவசமாகும். சிலம்பு எவருடையது என்று ஆராயாது விட்ட பாண்டியன் நாட்டில் குற்றமற்றவன் உயிரிழந்தான். களவாடிய பொற்கொல்லனோ அரசவையிலேயே நின்றான். அந்நாட்டில் பிறந்த நாம் அப்பாடத்தை மறக்கலாகாது.

நம் மாணாக்கர்க்கு ஒரு சொல்: பாதி விலைக்குக் கிடைக்கின்றதென்று பில் இல்லாத உதிரி உறுப்பை வாங்கும் கை, கள்வனுக்குக் கூலி கொடுக்கும் கையேயாகும். சட்டம் வரும்போது வருக. அக்கையை இன்றே விலக்கிக்கொள்ளுதல் நம்மால் இயலும்.